ஐந்தாவது துளை

புந்தா அரேனாஸில் காற்றுக்கு வேலை நேரம் கிடையாது.
துறைமுகத் தெருவில்
கப்பல்களுக்குக் கயிறும் மாவும் விற்கும் கடை.
சுவர் முழுக்க நெளித்தகடு.
வைஃபை அதில் முட்டி
வந்த வழியே திரும்பிவிடும்.

அப்பா போன பிறகு
கயிறு, பெயின்ட், நங்கூரச் சங்கிலி எவாரிஸ்தோவுக்கு.
மாவு, காபி, டின் மீன் தங்கை ட்ரீனாவுக்கு.
நடுவில் ஓர் அலமாரி.
அதன் முதுகு யார் பக்கம் என்பதிலேயே
ஒரு வாரம் போயிற்றாம்.

தனித்தனியே எனக்கு ஃபோன் செய்தார்கள்.
கேட்டது ஒன்றே:
என் கணக்கு அந்தப் பக்கத்தார் கண்ணில் படக் கூடாது.
இரண்டு இணைப்பு வாங்கலாம், மாதம் இரண்டு பில் என்றேன்.
அந்த ஒரு விஷயத்தில் இருவரும்
அப்பாவின் பிள்ளைகள்.

மூன்று ரவுட்டர் கொண்டுபோனேன்.
எட்டு ஆன்டெனாவோடு மல்லாந்த நண்டு போல ஒன்று.
எவாரிஸ்தோவின் கண் அதில்தான்.
மலிவானது ஒன்று, பிரிக்கத் தெரியாதது,
எல்லோரையும் ஒரே பாயில் படுக்க வைக்கும்.
மூன்றாவது சாம்பல் நிறத் தகரம்,
கொம்பில்லை, ஐந்து துளை.

"இது பாதிதான் வந்திருக்கிறது" என்றாள் ட்ரீனா.
முழுசுதான்.
காற்றில் பேசாது, கம்பியில் மட்டும்.
இந்த ஊரில் காற்றோடு போட்டி போட்டு
ஜெயித்தவர் யார்?

முதல் துளை வெளியுலகுக்கு.
பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை உடனே மாற்றினேன்,
ஊரே சாவி வைத்திருக்கும் பூட்டு அது.
மென்பொருள் புதுப்பித்துக்கொள்ளும் மூன்று நிமிடமும்
யாரும் ஸ்விட்சைத் தொடாதபடி
கையால் மறைத்து நின்றேன்.

இரண்டாவது துளை அண்ணனுக்கு, பத்தாம் நம்பர் வலை.
மூன்றாவது தங்கைக்கு, இருபதாம் நம்பர்.
"அவளுக்கு மட்டும் ஏன் இருபது?"
பெயர்தான், அளவில்லை என்றேன்.
"அப்படியென்றால் மாற்றிப் போடு."
மாற்றிப் போட்டேன்.

கேபிள் நுனியில் எட்டு இழை.
வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை,
பிறகு பச்சை வர வேண்டிய இடத்தில்
நீல ஜோடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.
பச்சை தள்ளிப் போய் நிற்கும்.
ஜோடி ஜோடிதான், சேதி போய்ச் சேர்ந்துவிடும்.
இதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

அவன் கணினியிலிருந்து அவளுடையதைக் கூப்பிட்டேன்.
பதில் இல்லை.
நான்கு முறையும் இல்லை.
"சரியாக இருக்கிறது" என்றேன்.
சொல்லும்போது ஒரு மாதிரிதான் இருந்தது.

பிரிண்டர் யாருடையது?

பாகப் பத்திரத்தில் அது இல்லை.
ஐந்தாவது துளையில் செருகி
விதியை எழுதிப் படித்துக் காட்டினேன்:
இரு பக்கமிருந்தும் அதனிடம் போகலாம்.
கேட்டவருக்கு அது பதில் சொல்லலாம்.
தானாக யாரிடமும்
பேச்சைத் தொடங்கக் கூடாது.
ட்ரீனா ஜன்னலைப் பார்த்தாள்.
எவாரிஸ்தோ பேனா மூடியைக் கழற்றினான், மாட்டினான்.

"நாலாவது?"
காலி. தேவைப்பட்டால் இருக்கட்டும்.

ஜூலையில், தெரு பனியில் இறுகிக் கிடந்த வாரம்,
பத்து நிமிட இடைவெளியில் இரண்டு ஃபோன்.
வலை செத்துவிட்டது, ஒரு பில்லும் வரவில்லை.

போய்ப் பார்த்தேன். விளக்குகள் எரிந்தன.
விதிகள் எழுதியபடியே இருந்தன.
தாள் தீர்ந்திருந்தது,
நாலு நாளாய்.

"போன தடவை போட்டது நான்" என்றான் அவன் என்னிடம்.
"அதற்கு முன்னால் மூன்று தடவை நான்"
என்றாள் அவள் அலமாரியிடம்.

என் பையிலிருந்த கட்டைப் பிரித்து வைத்தேன்.
நாலு நாள் காத்திருந்தவை வரத் தொடங்கின,
கயிறும் மாவுமாய்க் கலந்து, அறுபது தாளுக்கு மேல்.
தட்டு கொள்ளாமல் தரையில் சரிந்தன.

இருவரும் குனிந்தார்கள்.
"இது உன்னுது."
"ம்."
"இதுவும்."

என் கூலியை ஆளுக்குப் பாதி தந்தார்கள்.
எண்ணிப் பார்த்தேன், சில்லறை சரியாக இருந்தது.